கோர்ட் கலையும் வரை

கோர்ட்டில் பயிற்சிக்குப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு இனிமேல் மாதாமாதம் பணம் உண்டு என்று எங்கள் வகுப்பில் வந்து சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. அதுவரை பயிற்சி என்றால் கைக்காசில் பஸ் ஏறிப் போய், யாரோ ஒரு வக்கீலின் பின்னால் ஃபைல் தூக்கிக்கொண்டு அலைந்து, அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வருவதுதான். இப்போது அரசாங்கத்திலிருந்தே ஆளைத் தேர்ந்தெடுத்து, மாவட்டத்துக் கோர்ட்டுகளில் உட்கார வைத்து, உதவித்தொகையும் தருவார்களாம். வேலூரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நான் விண்ணப்பித்தேன். கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வேன். வயிறு எரிந்துதான் சொல்கிறேன்.

எந்தக் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை. பாலாற்றை ஒட்டி, தோல் ஷெட்டுகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் ஒன்று. மாற்றலாகி வரும் மாஜிஸ்திரேட்டுகள் வந்த புதிதில் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்வார்கள். ஒரு மாதத்தில் கைக்குட்டை பாக்கெட்டுக்குப் போய்விடும். எங்களுக்கு அந்த வாடை தெரிவதே இல்லை.

வீட்டில் நான் உதவித்தொகை என்றுதான் சொன்னேன். சித்திக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

"அது இன்னாடி உதவி? நாம யாருகிட்டயாவது கையேந்தினோமா?"

"அதோட பேரு அப்படி சித்தி."

"மாசம் பொறந்தா குடுக்கறாங்க இல்ல?"

"குடுப்பாங்க."

"அப்போ சம்பளம்னு சொல்லு. சொல்றதுக்கு இன்னா கஷ்டம்?"

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. "எங்க பொண்ணு கோர்ட்டுல வேலைக்குச் சேந்துட்டா. ஜட்ஜு பக்கத்துலயே சீட்டு." நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது வேலை இல்லை, பயிற்சி, சில மாதம் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று எத்தனை முறை சொன்னாலும் சித்தி காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமான வருடமே புருஷன்காரன் இன்னொருத்தியோடு போய்விட, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்போது நான் பிறக்கவில்லை. அப்பாவுக்கு அரக்கோணத்தில் லோடு இறக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அம்மாவுக்கு நிலத்தில் கூலி. வீடு நடந்தது சித்தியால். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் அவளுக்கு. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டியதும் கொண்டுவந்து விடும். என்னைச் சட்டம் படிக்க வைத்தது அந்த மெஷின்தான். வக்கீல் படிப்பு என்று முதலில் சொன்னதும் அவள்தான்.

வாய் என்றால் வாய். ரேஷன் கடையில் எடை கம்மியாக இருந்தால் சர்க்கரையை மறுபடியும் தராசில் கொட்ட வைத்துவிட்டுத்தான் நகர்வாள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லை என்றால், "அப்போ இன்னாத்துக்குயா பைய மாட்டிகினு இருக்க?" என்பாள். பஸ்ஸே சிரிக்கும், கண்டக்டரும் சிரிப்பார், சில்லறை வந்துவிடும். அவளோடு வெளியே போவது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், மானம் போகிற மாதிரியும் இருக்கும்.

பயிற்சிக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கறுப்பு ஷூ போட்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னை வேலூர் லாங் பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனாள். தள்ளுவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே புகுந்து மூன்று கடை ஏறி இறங்கினோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு ஷூவையும் உள்ளே கையை விட்டுத் திருப்பிப் பார்த்து, "இத்த எந்த கைல தெச்சாங்க, இடது கைலயா?" என்று கேட்டாள். அவர், "யம்மா, நீ வாங்க வந்தியா, பரீட்சை வைக்க வந்தியா?" என்றார். கடைசியில் ஒன்று வாங்கினோம். மத்தியானம் ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்த நாள் அதற்குப் பிறகு வரவில்லை.

கோர்ட்டில் எனக்குக் கொடுத்தது மாஜிஸ்திரேட்டின் மேடைக்குக் கீழே, பெஞ்ச் கிளார்க்கின் மேஜையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்ப்பது மட்டும்தான் பயிற்சி. முதல் வாரமே தலைமை எழுத்தர் சொல்லிவிட்டார்: "இன்னா நடந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது. சந்தேகம்னா சாயங்காலம் என்கிட்ட கேளு." சாயங்காலம் கேட்டால், "காலேஜ்ல சொல்லித் தரலியா?" என்பார். கேஸ் கட்டுகளுக்கு நாடா கட்டச் சொல்வார்கள். ஜெராக்ஸ் எடுத்துவர அனுப்புவார்கள். மற்ற நேரமெல்லாம் நாற்காலி.

பார்த்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. சின்னக் கேஸ்கள் எடுக்கும் நாளில் ஹாலுக்கு வெளியே வரிசை நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள், யாரும் கழற்றச் சொல்வதில்லை. கூடவே வரும் போலீஸ்காரர் காதோரம் ஓதுவார்: "ஒத்துக்க. ஃபைனக் கட்டிட்டுப் போய்க்கினே இரு. இல்லன்னா வருஷக்கணக்கா வாய்தாவுக்கு அலையணும்." உள்ளே கூப்பிடுவார்கள். ஒத்துக்கொள்வார்கள். அடுத்தது. செய்தவனும் ஒத்துக்கொள்வான், செய்யாதவனும் ஒத்துக்கொள்வான், ஒரு நாள் கூலியோடு போகட்டும் என்று. அன்றைக்கு எத்தனை கேஸ் முடிந்தது என்று தலைமை எழுத்தர் மேலே எழுதி அனுப்புவார். கேஸ் முடிந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். மாஜிஸ்திரேட் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தமாட்டார், வயதானவர்களை உட்காரச் சொல்வார். அவருக்கு முன்னால் மலை மாதிரி கட்டு. இதையெல்லாம் நான் வீட்டில் வந்து கதை கதையாகச் சொல்வேன். சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அறிவு கெட்டவனுங்க. செய்யலன்னா செய்யலன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான?" என்பாள்.

சொன்னவள் அவள்தான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பயிற்சியில் சேர்ந்த அடுத்த மாதம் அது நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் சித்தியின் கம்பெனியில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள், அதைத் தைப்பதுதான் அவர்கள் லைன். தையல் கொஞ்சம் கோணினாலும் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஜாஸ்தியானால் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார். அதனால் கோணிப்போன அப்பரை யாரும் உடனே காட்டமாட்டார்கள். சாப்பாட்டுப் பையில் செருகி வைத்து, சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு வாய் தின்றுவிட்டு, தையலைப் பிரித்து மறுபடியும் தைத்து லைனில் வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசருக்கும் இது தெரியும். அவருக்கும் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதால் கண்டுகொள்ளமாட்டார். வருடக்கணக்காக நடப்பதுதான்.

அன்றைக்குச் சித்தியும் ஒன்றைச் செருகியிருக்கிறாள். மணி அடிக்கும் நேரத்தில் பக்கத்து மெஷின்காரி மயங்கி விழுந்துவிட, அவளைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குள்ளேயே இருந்த ஆஸ்பத்திரி அறைக்கு ஓடி, முகத்தில் தண்ணீர் அடித்து, அதிலேயே சாப்பாட்டு நேரம் போய்விட்டது. பையில் இருந்தது மறந்தே போய்விட்டது. சாயங்காலம் கேட்டில் புதிதாக வந்த செக்யூரிட்டி பையைத் திறந்தார். டிபன் பாக்ஸுக்கு அடியில் கறுப்பு அப்பர்.

ஒரே ஒரு அப்பர். இடது காலுக்கானது. அதுவும் தையல் கோணினது. அதை எடுத்துப் போய் யாருக்கு விற்க முடியும்? ஒரு காலுக்கு மட்டும் ஷூ வாங்குகிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? ஆனால் அந்த நேரம் கம்பெனியில் ஆர்டர் கம்மி. சர்வீஸும் சம்பளமும் ஜாஸ்தியான பெண்களை எப்படி வெளியே அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் போலீஸ்வரை போனார்கள் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சித்தியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஹெச்.ஆர். ஆபீசர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "போலீசுக்குப் போய்டுச்சிம்மா, என் கைல இல்ல. கேஸ முடிச்சிட்டு வா, உன் மெஷின் உனக்குத்தான்" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சித்தி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் போனால் வீடு போச்சு, என் படிப்பும் போச்சு. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

"சித்தி, முடியறதுல ரெண்டு விதம் இருக்குது" என்று நான் உட்கார வைத்து விளக்கினேன். "ஒத்துக்கினாலும் கேஸ் முடியும். ஆனா குற்றவாளின்னு முடியும். அப்படி முடிஞ்சா அவன் உன்ன உள்ள விடமாட்டான். விடுதலைன்னு முடியணும்."

"அது எனக்குத் தெரியாதா? நான் எதுக்கு ஒத்துக்கணும்? திருடினவ ஒத்துக்கட்டும்."

இலவச சட்ட உதவியில் இருந்த ஒரு பெண் வக்கீலிடம் போய்ப் பேசினேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இடது கால் ஒண்ணுதானா? கோர்ட்ல அத்த டேபிள் மேல வெச்சாலே கேஸ் விழுந்துடும்மா. மொத நாள் ஒத்துக்காம விசாரணை கேட்டாப் போதும். அப்பறம் நான் பாத்துக்கறேன்." எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கேஸ் வந்தது நான் உட்காரும் கோர்ட்டுக்கே. வேறு கோர்ட் அந்த ஊரில் அந்த மாதிரி கேஸுக்கு இல்லை. தலைமை எழுத்தரிடம் போய், சார், இது என் சித்தி என்று சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அப்பா அம்மா கேஸ் இல்லியே? பரவால்ல. நீ சும்மா பாக்க வந்தவதானே. வாய மூடிகினு உக்காரு, ஒரு பிரச்சினையும் இல்ல."

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மாஜிஸ்திரேட் ஆனேன். சித்தி கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள். அம்மா கதவோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியின் பொருளைத் திருடியதாக உங்கள் மேல் குற்றச்சாட்டு. ஒத்துக்கொள்கிறீர்களா?"

"யோவ், நான் எதுக்குயா எடுக்கறேன்? ஒத்த காலு ஷூவ எடுத்துகினு போய் உன் தலையிலயா மாட்டப் போறேன்?"

"சித்தி! ஜட்ஜுகிட்ட யோவ்ங்கக் கூடாது. தலைன்னும் சொல்லக் கூடாது."

"பின்ன எப்படிடி பேசறது?"

"மூணே விஷயம். நான் திருடல சார். விசாரிங்க சார். எனக்கு வக்கீல் வெச்சுக் குடுங்க சார்."

சொல்ல வைத்தேன். சாமி பாட்டு மாதிரி அடுப்பங்கரையில் சொல்லிக்கொண்டே இருந்தாள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதும் சொன்னாள். "பாரு, அங்க வந்து எப்படிப் பேசறேன்னு. உங்க கோர்ட்டே எந்திரிச்சி நிக்கும்" என்றாள். எனக்குத் துளிகூடப் பயம் இல்லை. கண்டக்டரையே கதற வைக்கிறவள், ரேஷன் கடைக்காரரை ஓட ஓட விரட்டுகிறவள், மூன்று வரி சொல்ல மாட்டாளா?

கேஸ் அன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பெண் வக்கீல் காலையில் வேறு கோர்ட்டில் இருந்தார், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். கேஸ் மத்தியானத்துக்குமேல்தான் வரும் என்று எல்லோரும் நினைத்தோம். முன்னால் இருந்த நான்கைந்து கேஸ்களில் ஆள் வராததால் சீக்கிரமே வந்துவிட்டது. டவாலி வாசலில் நின்று சித்தியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கூண்டில் ஏறினாள். ஏறியதும் முதலில் பார்த்தது என்னைத்தான். பிறகு எனக்கு மேலே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்தார். எளிய தமிழில் விளக்கவும் செய்தார். "இதை நீங்க செஞ்சீங்களா? ஒத்துக்கறீங்களா, விசாரணை வேணுமா?"

சித்தி கையைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா."

"தப்பாயிடுச்சி சார்."

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், எந்த பஸ்ஸிலும் அந்தக் குரல் கிடையாது. சூப்பர்வைசர் முன்னால் பேசும் குரல் அது என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே யார் கோணலாகத் தைத்ததாக இருந்தாலும், அவர் வந்து நின்றால் இதைத்தான் சொல்ல வேண்டுமாம். சொன்னால் அவர் அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். எதிர்த்துக் கேட்டால் லைனே நிற்கும்.

மாஜிஸ்திரேட் எழுதப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். "யாராவது மிரட்டிச் சொல்றீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா தண்டனை உண்டு."

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "சார், அவங்க..." என்று ஆரம்பித்தேன்.

"உட்காருங்கம்மா." குரல் உயரவில்லை, ஆனால் ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. "நீங்க பார்க்க வந்திருக்கீங்க, பேச இல்ல. இன்னொரு தடவை எழுந்தா வெளிய போகச் சொல்ல வேண்டியிருக்கும்."

பெஞ்ச் கிளார்க் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் படபடவென்று, முன்பைவிடச் சத்தமாகச் சொன்னாள்: "யாரும் மிரட்டல சார். நான்தான் சார். தப்பாயிடுச்சி சார், மன்னிச்சிடுங்க சார்."

டைப் அடித்தார்கள். கைநாட்டு வேண்டாம் என்று சொல்லி, கோணல் மாணலாகத் தன் பெயரைக் கையெழுத்துப் போட்டாள். ஒரு அபராதமும், கோர்ட் கலையும் வரை சிறையும் தண்டனை. சிறை என்றால் ஜெயில் இல்லை. சாயங்காலம் கோர்ட் முடிந்து மாஜிஸ்திரேட் எழுந்து போகும்வரை ஹாலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரம்மா. பெண் வக்கீல் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. என்னைப் பார்த்து, என்ன இது என்பதுபோலக் கையை விரித்தார்.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். மேடைக்குக் கீழே நான், சுவரோரம் அவள். ஒரே ஹால், ஒரே மின்விசிறி. நான் உட்கார்ந்திருப்பதற்குப் பணம் கொடுக்கிறார்கள், அவள் உட்கார்ந்திருப்பது தண்டனை. நான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சிரித்தாள். நேராக உட்கார் என்று கண்ணாலேயே ஜாடை காட்டினாள். மத்தியானம் டீ வாங்கிக்கொண்டு போனேன். போலீஸ்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை.

"ஏன் சித்தி?" என்றேன்.

"கேஸ் முடிஞ்சிடுச்சி இல்ல? உடு. அழாத, எல்லாரும் பாக்கறாங்க. போ, உன் எடத்துல போய் உக்காரு."

மறுநாள் காலையில் உத்தரவுக் காப்பியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனோம். வரவேண்டாம் என்றேன், சித்திதான் கேட்கவில்லை. டிபன் பாக்ஸில் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள், பாவி. நான் விளக்கியதையெல்லாம் மீறி, ஆபீசர் சொன்ன வார்த்தைக்காக அப்படியே மெஷினில் உட்கார்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை. கேட்டுக்கு உள்ளேகூட விடவில்லை. ஹெச்.ஆர். ஆபீசர் வெளியே வந்து காப்பியை வாங்கிப் படித்தார்.

"இன்னாம்மா இது? நீயே திருடினேன்னு ஒத்துக்கினு வந்திருக்க?"

"கேஸ முடிச்சிட்டு வான்னு சொன்னீங்களே சார்."

"முடிச்சிட்டு வான்னா இப்படியா? கோர்ட்டே திருட்டுன்னு சொன்னப்பறம் நான் உன்ன உள்ள எடுத்தா, நாளைக்கு மேனேஜ்மென்ட் என் சட்டையப் பிடிக்கும்." காப்பியை என் கையில் கொடுத்தார், அவள் கையில் கொடுக்கவில்லை. "நீ படிச்ச பொண்ணாச்சே, நீயாவது சொல்லக் கூடாதா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மெஷின் போச்சு. மற்ற கம்பெனிகளிலும் கதவு மூடிக்கொண்டது. இந்தத் தொழிலில் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். பெண் வக்கீலிடம் ஓடினேன். "ஒத்துக்கிட்ட கேஸ்ல தண்டனை ஜாஸ்தின்னு வேணா அப்பீல் போகலாம், செய்யவே இல்லைன்னு போக முடியாதும்மா. ஹைகோர்ட் வரைக்கும் போய்ப் பார்க்கலாம். யாரு போறது?" என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான்.

சாயங்காலம் வீட்டில் வெடித்துவிட்டேன். அம்மா தடுத்தும் கேட்கவில்லை.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தே? எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்? தெருவுல மட்டும் அந்தக் கிழி கிழிக்கற! ரேஷன் கடைல கத்தத் தெரியுது, பஸ்ல கத்தத் தெரியுது, உன் வாழ்க்கையே போற எடத்துல தப்பாயிடுச்சின்னு நிக்கற! பயந்தாங்கொள்ளி!"

சித்தி தண்ணீர்க் குடத்துப் பக்கம் திரும்பினாள். சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பயந்தேன்தான். எனக்காகவா பயந்தேன்?"

"பின்ன?"

"நீ அவருக்குக் கீழ உக்காந்துகினு இருக்கறே. உங்க சாரு அவரு. சம்பளம் குடுக்கற எடம். அங்க வந்து நின்னு, உங்க சாருகிட்டயே நான் எதுத்துப் பேசினா, சாயங்காலம் உன்ன இன்னா கேப்பாரு?"

அவள் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்வது தனியாக இல்லை. அக்கா தங்கையைச் சேர்த்துவிடுவாள், அத்தை மருமகளைச் சேர்த்துவிடுவாள். ஒருத்தி சூப்பர்வைசரிடம் வாயாடினால் தண்டனை அவளுக்கு வராது. அவள் சேர்த்துவிட்டவளுக்கு வரும். மெஷினிலிருந்து எழுப்பிப் பசை தடவப் போடுவார்கள், அல்லது நாளையிலிருந்து வராதே என்பார்கள். அதனால் சொந்தக்காரப் பெண் வேலை செய்யும் இடத்தில் எவளும் வாய் திறக்கமாட்டாள், உயிரே போனாலும். சித்தி அறிந்த உலகத்தில் சம்பளம் கொடுக்கும் இடமெல்லாம் அப்படித்தான். நான் எழுந்ததும், மாஜிஸ்திரேட் என்னை உட்காரச் சொல்லி அதட்டியதும் அவளுக்கு அதை உறுதிப்படுத்திவிட்டன. வீட்டில் அந்த மூன்று வரியை அத்தனை முறை சொன்னவள், கூண்டில் ஏறி என்னை அங்கே பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

"அவரு எனக்கு சாரே இல்ல சித்தி!" என்று கத்தினேன். "அவரால என்ன ஒண்ணும் பண்ண முடியாது. அது சம்பளமும் இல்ல. எத்தன தடவ சொன்னேன்!"

"மாசம் பொறந்தா குடுக்கறவன் ஒண்ணும் பண்ணமாட்டானா? யாருகிட்டடி கதை சொல்றே? எந்திரிச்ச உடனே உன்ன எப்படிப் பேசினாரு, நான் பாக்கல?"

சட்டப் புத்தகத்தில் எங்கே தேடினாலும் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு காசும் தராமல், பழைய மாதிரி வேப்பமரத்தடியில் நான் நின்றிருந்தால் அவள் பேசியிருப்பாள். மாஜிஸ்திரேட்டையே சிரிக்க வைத்திருப்பாள். அந்த இடது கால் அப்பரை மேஜைமேல் வைத்து, கேஸ் விழுந்து, டிபன் பாக்ஸோடு மெஷினுக்குப் போயிருப்பாள். அந்த நாற்காலிக்குப் பணம் என்று எவன் யோசித்தானோ, நல்லதுக்குத்தான் யோசித்திருப்பான். நாசமாய்ப் போகட்டும்.

"நாளைலருந்து நான் போகமாட்டேன்" என்றேன். "எனக்கு அந்தப் பயிற்சியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அந்த ஹால்ல இனிமே என்னால உக்கார முடியாது."

சித்தி சொம்பைத் தரையில் வைத்தாள். எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். ரேஷன் கடையில் நிற்பாளே, அதே மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். குரலும் திரும்பி வந்துவிட்டது.

"வாய ஒடச்சிடுவேன். உனக்காகத்தான் ஒத்துக்கினேன்னு நெனச்சிக்கினு நான் எப்படியோ இருந்துடுவேன். நீ போவாம நின்னுட்டேன்னு வெய்யி, அப்போ நான் சும்மாவே திருடின்னு பேரு வாங்கினதா ஆயிடும்டி. போய் உக்காரு."

மறுநாள் போய் உட்கார்ந்தேன்.